முழங்கையில் வழிந்த மோர்

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அலுவலகத்தில் துப்புரவு வேலை செய்யும் ஓர் அம்மாவை மேலாளர் எல்லார் முன்னாலும் ஏசியபோது நீ வாய் திறக்கவில்லை. ‘தவறு என்று தெரியும், உணர்ச்சிவசப்படக் கூடாது என்று இருந்துவிட்டேன்’ என்கிறாய். ஜெர்மன் தத்துவஞானி காண்ட்டையும் துணைக்கு அழைத்திருக்கிறாய். இரக்கத்தால் செய்வதைவிடக் கடமை என்று செய்வதற்கே மதிப்பு என்று அவர் 1785இல் எழுதியது உண்மைதான். கடமை என்று தெரிந்த பிறகு சும்மா இருக்க அவர் சொல்லவில்லை அம்மாடி.

என் பாடப்புத்தகத்தைத் திறந்ததும் ‘தீண்டாமை ஒரு பாவச்செயல்’ என்றிருக்கும். அரசமைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது என்று தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான். அதே வருடங்களில், வேலி அடைக்க வருபவருக்கு உன் அப்பத்தா கொல்லையில் செம்பைத் தூக்கிப் பிடித்து மோர் ஊற்றுவார். வந்தவர் குனிந்து, இரண்டு கைகளையும் குவித்துக் குடிப்பார். பார்த்துக்கொண்டே நிற்பேன். மனதில் ஒன்றும் ஓடாது.

ஒருநாள் அவர் மகனும் வந்திருந்தான். என் வகுப்பு, என் பெஞ்சு. அப்பாவின் முழங்கையில் மோர் வழிந்து மண்ணில் சொட்டுவதைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். எனக்குக் காது மடல் சுட்டது. உள்ளே ஓடி, நான் குடிக்கும் டம்ளரை எடுத்துவந்து நீட்டினேன். புதிதாக எதையும் அன்று நான் கற்றுக்கொள்ளவில்லை. வெட்கம்தான் காலை நகர்த்தியது. அறிவு மட்டும் ஒருவரைச் செயலுக்குத் தள்ளாது என்று ஸ்காட்லாந்துத் தத்துவஞானி ஹியூம் 1739இல் எழுதியதைப் பின்னாளில் படித்தபோது அந்தக் கொல்லைதான் நினைவுக்கு வந்தது.

அப்பத்தாவின் முகத்தில் வந்த அருவருப்பும் பொய்யில்லை. தர்மத்தைக் காப்பதாக நம்பித்தான் புளியும் சாம்பலும் போட்டு அந்த டம்ளரைத் தேய்த்தார். சொல்லவே கூசுகிறது, மறுநாள் அதில் பால் குடிக்கும்போது என் தொண்டையும் ஒரு கணம் தயங்கியது. இந்தக் கூச்சத்தை எனக்குள் போட்டது யார் என்று கேட்கத்தான் அறிவு வேண்டும். அதற்காக வெட்கத்தையும் இரக்கத்தையும் சேர்த்துத் துடைத்துவிடாதே. உணர்ச்சியை ஒதுக்கியதாக நினைக்கிறாய். அன்று உன்னை நாற்காலியில் உட்காரவைத்ததும் ஓர் உணர்ச்சிதான். அதன் பெயர் பயம்.

உன் இரண்டு பக்கக் கடிதத்தில் அந்த அம்மாவின் பெயர் எங்கும் இல்லை. நாளை கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா