செக்ரட்டரி சாருக்கு, பதினாறாவது கையெழுத்து பற்றி

செக்ரட்டரி சார்,

சங்கத்துக்கு வேறு ஆள் வந்து எவ்வளவோ காலமாகியும் பிளாக்கில் இன்னும் உங்களுக்குத்தான் அந்தப் பெயர். பழைய கட்டடத்தை இடித்துக் கட்டும் சம்மதப் பத்திரத்தில் நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். 24 வீட்டில் பதினாறாவது. தமிழ்நாட்டின் 2022 அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு பேர் சம்மதித்தால் போதும். அதாவது, இனி உங்கள் கையெழுத்துக்காக வேலை நிற்காது. முதலில் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியதுதான். சொல்லியிருந்தால் பேசியே என் கையைக் கட்டியிருப்பீர்கள்.

நம் அண்ணா நகர் ஒருகாலத்தில் நடுவக்கரை வயலாக இருந்தது, 1968 கண்காட்சி, அதற்காக எழும்பிய 135 அடி டவர் எல்லாம் எங்கள் பிள்ளைகளுக்கே உங்கள் வாயால்தான் தெரியும். 2011-ல் மூடிய டவரை 2023-ல் திறந்தபோது முட்டிவலியோடு ஏறினீர்களாமே!

எனக்கு நீங்கள் என்றால் 2003-04 தண்ணீர்ப் பஞ்சம்தான். 9,000 லிட்டர் லாரி வரும். மோட்டாரின் பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தரைக்கடித் தொட்டியான சம்ப்பின் வாயிலேயே உட்கார்ந்திருப்பீர்கள். வீட்டுக்கு 375 லிட்டர், 15 லிட்டர் குடத்தில் 25 நடை. தரைத்தளத்துக்காரருக்கும் அதே கணக்கு, மூன்றாம் மாடிக் கிழவிக்கும் அதே கணக்கு. அடியில் கலங்கிக் கிடப்பது கடைசி வீட்டுக்கு. அந்தக் கடைசி வீடு எப்போதும் உங்களுடையது.

அதே மனுஷன்தான் மெயின்டனன்ஸை ஏற்றவே விடவில்லை. பாத்ரூம் கசிவு ஸ்லாபில் இறங்கி, கம்பி துருப்பிடித்து உப்பி, சிமென்ட்டைப் பிளந்து தள்ளியது. கம்பிக்குப் பின்னால் வரை கொத்தி, துருவைத் தேய்த்தெடுத்து, மெலிந்த இடத்தில் புதுக்கம்பி சேர்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, அப்புறம் பாலிமர் கலவையால் அடைக்க வேண்டும். அதற்கும் முன்னால் கசிவை நிறுத்த வேண்டும். நீங்கள் ஒவ்வொரு முறையும் கொத்தனாரைக் கூப்பிட்டு மேலே பூசி, வெள்ளையடித்தீர்கள். உள்ளே துரு தின்றுகொண்டே இருந்தது. இப்போது பால்கனிக்கு அடியில் யாரும் சைக்கிள்கூட நிறுத்துவதில்லை.

கடைசி மீட்டிங்கில் நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை. நம் பிளாக்காரர்களும் படிப்பார்கள்.

ஆனால் உங்கள் பயம் வெட்டிப் பயமில்லை. பில்டர் ஓடிவிட்டால்? அதற்குத்தான் யூடிஎஸ், அதாவது நிலத்தில் பிரிக்காத பங்கு எவ்வளவு, புது வீட்டின் கார்ப்பெட் ஏரியா, அதாவது உள்ளே புழங்கும் தரை எவ்வளவு என்று ஒவ்வொருவர் பெயருக்கும் தனித்தனியாக ஒப்பந்தத்தில் ஏற்றி, அதைப் பதிவு செய்யச் சொல்லியிருக்கிறோம். 'சூப்பர் பில்டப் ஏரியா' என்று மொத்தமாக எழுதினால் சுவர், படிக்கட்டு எல்லாம் நம் தலையில் கட்டிவிடுவார்கள். கட்டி முடிக்கும்வரை வாடகை, தாமதமானால் அபராதம், பேங்க் கேரண்டி மூன்றும் கேட்டிருக்கிறோம். ஒரிஜினல் பத்திரத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள், என்னிடமும்தான். பில்டருக்குக் கொடுக்கும் பவர் பத்திரத்தில் விற்கும் உரிமை பில்டர் பங்குக்கு மட்டும் இருக்கிறதா என்று உங்கள் வக்கீல் ஒருமுறை பார்க்கட்டும். வரிவரியாகப் படிக்க உங்களை விட்டால் இங்கே ஆளில்லை. இத்தனை நாள் விலகி நின்றது போதும், சார்.

உங்கள் வீட்டில் வாடகைக்கு இருப்பவருக்கு இன்னும் விஷயம் தெரியாது. நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்கள்.