ஃபேரர் பார்க் திடல் குறித்து ஒரு கடிதம்

சிங்கப்பூர்
22.8.2021

அன்புள்ள சண்முகத்திற்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வரன் அமைந்த செய்தி மனத்திற்கு நிறைவாக இருந்தது. அதற்குள் எல்லைகள் திறந்துவிட்டால் குடும்பத்தோடு தஞ்சாவூருக்கு வந்து சேர்வோம்.

ஃபேரர் பார்க் திடலில் வீடு கட்டப்போவது மெய்தானா என்று கேட்டிருந்தாய். மெய்தான். சுமார் 10 ஹெக்டேர் பரப்பில் ஏறத்தாழ 1,600 அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகள் வரும் என்று சென்ற மாதம் அறிவித்தார்கள். பழைய நீச்சல் வளாகத்திலும் குத்துச்சண்டைக் கூடத்திலும் சில பகுதிகளைத் தக்கவைத்து, நடுவே புதிய திடல் ஒன்றும் அமைப்பார்களாம். 1998ஆம் ஆண்டு நிலப் பயன்பாட்டுப் பெருந்திட்டத்திலேயே அந்த இடம் குடியிருப்புக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால், திடீரென்று பறித்துக்கொண்டார்கள் என்று குற்றம் சொல்வதும் நியாயமாகாது. கட்டப்போவது அரசின் கழகம். கொள்ளை லாபம் பார்க்கும் தனியார் நிறுவனமாக இருந்தால் எதிர்ப்பதற்கு எளிதாக இருந்திருக்கும். என் தங்கை மகனே திருமணப் பதிவை முடித்துவிட்டு வீட்டுக்காகக் காத்திருக்கிறான். எதிர்த்து எழுத உட்காரும்போதெல்லாம் அவன் முகம்தான் முன்னால் வருகிறது.

அந்த மண்ணின் பழம்பெருமையை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1933இல் புக்கிட் தீமாவுக்குப் போகும்வரை குதிரைப் பந்தயம் அங்கேதான் நடந்தது. பக்கத்து ரேஸ் கோர்ஸ் சாலைக்கும் அதனால்தான் அந்தப் பெயர். சிங்கப்பூரில் முதல் விமானம் பறந்ததும், 1911இல், அங்கிருந்துதான். 1942 பிப்ரவரி 17 அன்று, சரணடைந்த இந்தியப் போர்வீரர்களைப் பல்லாயிரக்கணக்கில் அத்திடலில் திரட்டித்தான் ஜப்பானிய அதிகாரி ஃபுஜிவாராவும் கேப்டன் மோகன் சிங்கும் பேசினார்கள்; இந்திய தேசிய ராணுவம் அங்கேதான் முளைவிட்டது. இவற்றைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. எப்படியும் தகவல் பலகை வைத்துவிடுவார்கள். அந்த வேலையில் நம் ஊர் கெட்டிக்கார ஊர்.

என் கவலையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பற்றியது. பாலஸ்டியர் பக்கத்தில் இந்தியர் சங்கத்திற்கும் சிலோன் விளையாட்டுக் கழகத்திற்கும் சொந்தத் திடல்கள் உண்டு. உறுப்பினராக இருந்தால் விளையாடலாம். ஃபேரர் பார்க்கில் யாரும் யாரிடமும் கேட்டுக்கொண்டு இறங்கியதில்லை. தேசிய அணிக்குப் போன பந்தாட்டக்காரர்கள் ஓடிய அதே புல்லில், புதுக்கோட்டையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் வந்த கட்டுமானத் தொழிலாளர்கள் டேப் சுற்றிய டென்னிஸ் பந்தை வைத்துக் கிரிக்கெட் ஆடினார்கள். ஒரே நேரத்தில் நான்கைந்து ஆட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக நடக்கும். ஓர் ஆட்டத்தின் எல்லைக் காவலர் இன்னோர் ஆட்டத்தின் விக்கெட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பார். பந்து தவறி வந்தால் எந்த அணியாக இருந்தாலும் எடுத்து எறிந்துவிடுவார்கள். முன்பதிவு செய்து மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் செயற்கைப்புல் திடலில் இந்த ஏற்பாட்டுக்கு இடமே இருக்காது.

இதில் கொடுமை என்னவென்றால், கிருமித்தொற்று காரணமாகச் சென்ற ஆண்டு ஏப்ரல் முதல் விடுதிகளில் தங்கியிருக்கும் தொழிலாளர்களுக்கு வேலைக்குத் தவிர வெளியே வர ஏறக்குறைய அனுமதியே இல்லை. திடலுக்கு நாள் குறித்த வேளையில் அதை அதிகம் நம்பியிருந்தவர்கள் அங்கே இல்லை. “சும்மாதானே கிடக்கிறது?” என்று பக்கத்து புளோக்கில் ஒருவர் என்னிடமே கேட்டார். வேலி போட்டு அடைத்துவைத்த வீட்டுக்காரனிடம், வாசலில் உன்னைக் காணோமே என்று கேட்பது போலிருந்தது எனக்கு.

ஆகவே, வீடே கூடாது என்று எழுதாமல், வேறொன்றைக் கேட்டு நாடாளுமன்ற உறுப்பினருக்கும் கழகத்துக்கும் எழுதியிருக்கிறேன். கட்டடங்களை ஓரங்களில் நெருக்கி அமைத்துவிட்டு, நடுத் திடலை முழு அளவிலும் இயற்கைப் புல்லோடும் விடவேண்டும். ஞாயிறுகளில் முன்பதிவும் கட்டணமும் இருக்கக் கூடாது. கட்டுமானம் நடக்கும் ஆண்டுகளில் தொழிலாளர்களுக்கு லிட்டில் இந்தியாவின் தேக்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் மாற்றுத் திடல் ஒதுக்க வேண்டும். “பரிசீலிக்கப்படும்” என்று வழக்கமான பதில் வந்திருக்கிறது.

திடலை வெறும் நிலமாக அல்லாமல் ஆட்களோடு காட்டும் படங்கள் இருந்தால் அடுத்த மடலில் இணைப்பேன். நம் ஆட்டங்களைப் படமெடுத்தவன் நீதான். 2003இல் மூடுவதற்கு முன் நீச்சல் குளத்தில் எடுத்தவை இருந்தாலும் பரவாயில்லை, தேடிப் பார்த்து அனுப்பு. திருமண வேலைகளுக்கு நடுவே சிரமம்தான். ஆனாலும் செப்டம்பருக்குள் கிடைத்தால் நல்லது.

அன்புடன்,
இராமநாதன்