காதல் கதை வகுப்புக்கு நூலகத்தில் ஓர் அறை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வார ஞாயிறு இணைப்பில் மாத நாவல்களைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். பெண்கள் எழுதிய குடும்ப நாவல்களை ‘பொழுதுபோக்கு’ என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டு, மீதிப் பக்கம் முழுக்கத் துப்பறியும் கதைகளைப் பற்றியே எழுதியிருந்தார்கள். மனசு பொறுக்கவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர் ஒரு காதல் நாவல் எழுத்தாளர். பல்லடம் பக்கம் தறி ஓடும் வீடு. பெயர் போட வேண்டாம் என்றார், அதனால் அக்கா என்றே சொல்கிறேன். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, தறிக்கு ஆள் வருவதற்குள் நாலு பக்கம் எழுதி முடித்துவிட்டு, அப்புறம் பகல் முழுக்கத் தறிக்கு வேண்டிய நூலைத் தாரில் சுற்றிக்கொண்டே மறுநாளுக்கான வசனத்தை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாராம். முப்பது வருஷத்துக்கு மேல் இப்படித்தான். ஒரு நாவலுக்கு ஒரே தடவை பணம், அதோடு சரி. அதே கதை வேறு அட்டையோடு திரும்பவும் பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்குவதைப் பார்த்துவிட்டு, தன் கதையைத் தானே காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறார். வாடகை நூலகத்தில் அந்தப் புத்தகங்கள் அட்டை கிழிந்து, ஊசி நூல் போட்டுத் தைத்துக் கிடக்கும். அத்தனை கை மாறியிருக்கிறது.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டு முன்னறையில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் உட்காருவோம். காசு வாங்க மாட்டார். நான் முதலில் கொண்டுபோன கதையில் ‘அவன் கண்களில் காதல் வழிந்தது’ என்று எழுதியிருந்தேன். அக்கா அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, “இது வேண்டாங் கண்ணு. அன்னைக்கு அவன் என்ன பண்ணுனான், அதைச் சொல்லுங்க” என்றார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. “உங்க கம்பெனியில தினம் என்னென்ன நடக்குது, அதைச் சொல்லுங்க” என்றார். துணியில் ஓட்டையோ கறையோ இருந்தால் அந்த இடத்தைக் காட்ட அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவோம், வேலை முடிந்து போகும்போது ஒன்றிரண்டு எங்கள் மேலேயே ஒட்டிக்கொண்டு வரும் என்று சொன்னேன். “அவ்வளவுதான், எழுதுங்க” என்றார். அடுத்த வாரம் எழுதிக்கொண்டு போனேன்: சாயங்காலம் கூட்டமாக கேட்டைத் தாண்டும்போது அயர்னிங் பையன் அவளைப் பார்க்கிறான், வாயைத் திறக்கவில்லை, தன் தோளைத் தட்டிக் காட்டுகிறான். அவள் குனிந்து பார்த்தால் தோளில் சிவப்பு அம்பு. அக்கா அதை இரண்டு தடவை சத்தமாகப் படித்தார். பக்கத்து ஷெட்டில் தறி ஓடுகிற சத்தத்துக்கு மேல் படிக்க வேண்டும் இல்லையா, அதனால் அவர் எப்போதும் கத்தித்தான் படிப்பார்.

காதல் கதை எழுதுவது சுலபம் என்று நினைக்கிறவர்கள் ஒரே ஒரு அத்தியாயம் எழுதிப் பார்க்கட்டும். இரண்டு பேரும் கடைசியில் சேருவார்கள் என்று வாசகிக்கு முதல் பக்கத்திலேயே தெரியும், தெரிந்தும் அவளைக் கடைசிப் பக்கம்வரை உட்கார வைக்க வேண்டும். நம் குடும்ப நாவல்களில் பாதிக்கு மேல் கல்யாணத்துக்கு அப்புறம்தான் காதலே ஆரம்பிக்கிறது. பெற்றவர்கள் பார்த்துக் கட்டிவைத்த ஒருத்தனை ஒரு பெண் எப்படி மெல்ல மெல்ல நம்ப ஆரம்பிக்கிறாள் என்பது இங்கே லட்சக்கணக்கான வீடுகளில் நடக்கிற விஷயம், அதை எழுதுவது எப்படி வெறும் பொழுதுபோக்காகும்? பேச்சிலும் அக்கா விடமாட்டார். எங்கள் பக்கம் சின்னப் பிள்ளையைக்கூட ‘வாங்க, போங்க’ என்றுதான் கூப்பிடுவோம், அதை மாற்றி மெட்ராஸ் பேச்சில் எழுதினால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அந்தக் காலத்து நாவலாசிரியர் வை.மு.கோதைநாயகி அம்மாளைப் பற்றி அக்கா அடிக்கடி சொல்வார். ஐந்து வயதில் கல்யாணம், பள்ளிக்கூடம் போனதே இல்லை. முதல் நாடகத்தை இவர் சொல்லச் சொல்லத் தோழி எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவர் 1925இல் ‘ஜகன்மோகினி’ பத்திரிகையைத் தானே எடுத்து நடத்தி, 115 நாவல்கள் எழுதியிருக்கிறார். எங்கள் வகுப்பில் எட்டாவதோடு நின்றவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள், இதைக் கேட்கும்போது அவர்கள் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். அதில் ஒருத்தி இப்போது செல்போனிலேயே எழுதி, கதை படிக்கும் செயலியில் வாரம் இரண்டு எபி, அதாவது அத்தியாயம், போடுகிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். அக்கா வீட்டு முன்னறையிலும் இப்போது தறி போட்டுவிட்டார்கள், வகுப்பு நின்று இரண்டு மாதம் ஆகிறது. ஒரு நூலகத்தில் போய் இடம் கேட்டோம். ‘காதல் கதைக்கெல்லாம் இங்கே இடம் தர முடியாதும்மா’ என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள். அக்கா ஒன்றும் சொல்லவில்லை, பஸ்ஸில் ஊர்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். நமக்கு 1948லிருந்து நூலகச் சட்டம் இருக்கிறது, சொத்து வரி நூறு ரூபாய் என்றால் அதோடு நூலக வரி பத்து ரூபாய் சேர்த்துத்தான் கட்டுகிறோம். தறி ஷெட்டுக்கும் பனியன் கம்பெனிக்கும் அதே கணக்குத்தான். அந்தப் பணத்தில் நடக்கிற கட்டடத்தில் வாரம் இரண்டு மணி நேரம், ஒரு மின்விசிறி, பன்னிரண்டு நாற்காலி கேட்கிறோம். ஈரோட்டிலும் கோவையிலும் புத்தகத் திருவிழா நடத்துகிறவர்களும் இப்படி எழுதிய பெண்களில் ஒருவரையாவது மேடைக்குக் கூப்பிட்டு, எப்படி எழுதினீர்கள் என்று கேட்கலாம்.

பல்லடம், திருப்பூர் பக்கம் ஞாயிறு மதியம் அறை தரக்கூடிய நூலகரோ பள்ளிக்கூடமோ கல்யாண மண்டபமோ இருந்தால் உங்கள் பத்திரிகை வழியாகச் சொல்லுங்கள். தறிச் சத்தம் இல்லாத இடமாக இருந்தால் ரொம்ப நல்லது, அக்காவுக்குத் தொண்டை சரியில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருப்பூர் மாவட்டம்