வள்ளம் காயவைத்த கதை

பாம்பன்
20.4.2025

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. பெரிய வாரம், கோயிலும் வீடுமாக அலைந்ததில் பதில் எழுத முடியவில்லை. நேற்று ராத்திரி ஈஸ்டர் பூசை முடிந்து படுக்க இரண்டு மணி. பிள்ளைகள் இன்னும் எழுந்திருக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். அந்தப் பெயிண்ட் டப்பாவை இன்னும் திறக்கவில்லை என்றால், திறக்காதே. கோடைமழையில் உன் வள்ளம் நிரம்பி அமிழ்ந்தது, இறைத்துக் கரையேற்றினாய், சரி. 'ரெண்டு நாள் நல்ல வெயில்ல போட்டு, மூணாம் நாள் பெயிண்ட் அடிச்சு இறக்கிடுவேன்' என்று எழுதியிருக்கிறாய் பார், அங்கேதான் எனக்குப் பகீரென்றது. போன கார்த்திகையில் நானும் அதைத்தான் செய்தேன். அந்த அவசரத்துக்கு ஐந்து மாதம் அழுதேன்.

நவம்பர் 20-ஆம் தேதி இங்கே கொட்டிய மழையைப் பற்றி அப்போதே போனில் சொன்னேன். ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல். நம் ஃபைபர் வள்ளம் 22 அடி நீளம், 5 அடி அகலம். வாய் திறந்திருக்கிற பரப்பு ஏறக்குறைய எட்டு சதுர மீட்டர் வரும். எட்டை 0.4-ஆல் பெருக்கு. 3,200 லிட்டர், மூன்று டன்னுக்கு மேல். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தவன் இந்தக் கணக்கை மழைக்கு முந்தின நாள் போட்டிருக்க வேண்டும். தண்ணீரில் கட்டிக் கிடந்த வள்ளம், தண்ணீர் வடிகிற துளையின் அடைப்பான் இறுகப் பூட்டியிருந்தது, போர்த்த ஒரு தார்ப்பாய்கூட இல்லை. பாதி நிறைந்ததும் அமரப் பக்கம், அதாவது பின்பக்கம், தாழ்ந்தது, மீதியைக் கடல் அலை நிரப்பிவிட்டது. மதியம் போய்ப் பார்த்தால் முன்பக்கத்து அணியத்தின் மூக்கு மட்டும் வெளியே தெரிகிறது. பின்னால் மாட்டியிருந்த மிசின் முழுசாக உள்ளே.

மிசின் கதையைக் கேள். ஆறு பேர் சேர்ந்து கழற்றித் தூக்கி வந்தோம். நான் துடைத்து வெயிலில் வைக்கலாம் என்று துணி எடுக்கிறேன், மெக்கானிக் அண்ணன் போனில் கத்துகிறார்: 'காய விடாதீங்க சார்! நான் வர நாளைக்குக் காலையில ஆகும். அதுவரைக்கும் ட்ரம்ல நல்ல தண்ணிய ஊத்தி அதுக்குள்ள இறக்கி வைங்க.' உன் தங்கச்சி இதைக் கேட்டு, 'தண்ணியில விழுந்ததை எடுத்து மறுபடி தண்ணியில போடுறதா? உங்க ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு?' என்றாள். விஷயம் இதுதான். உப்புத் தண்ணீரில் நனைந்த இரும்பும் அலுமினியமும் காற்றுப் பட்ட உடனே அரிக்க ஆரம்பிக்கும். தண்ணீருக்குள் இருக்கும்வரை அந்த வேகம் இல்லை. நல்ல தண்ணீரில் கிடந்தால் உப்பும் கரைந்து இறங்கிவிடும்.

மறுநாள் காலையில் வந்தார். பிளக் இரண்டையும் கழற்றி, மிசினைத் தலைகீழாகச் சாய்த்து, கயிற்றை மெதுவாக இழுத்து உள்ளே இருந்த தண்ணீரை வெளியேற்றினார். 'பிளக் போட்டபடியே வேகமா இழுத்திருந்தா உள்ள கம்பி வளைஞ்சிருக்கும். தண்ணிய அமுக்க முடியாதுல்ல சார்' என்றார். எட்டாம் வகுப்புப் பாடம்தான், எனக்கே பாடம் எடுக்கிறார்! பிறகு கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார், சிலிண்டரில் ஆயில் விட்டார், கியர் ஆயிலை இறக்கினார். பால் அதிகமாக விட்ட டீ மாதிரி வந்தது. அப்படி வந்தால் உள்ளே தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம், சீல் மாற்ற வேண்டும். மத்தியானம் ட்ரம்முக்குள் நிறுத்தி ஒரு மணி நேரம் ஓடவிட்டோம். மிசின் பிழைத்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது மூழ்கியிருந்தால் பிழைத்திருக்காதாம்.

மிசின் பிழைத்த சந்தோஷத்தில் வள்ளத்தை மறந்தேன். ஃபைபர்தானே, அதற்கு என்ன என்று நினைத்தேன். இறைத்தோம், துடைத்தோம், மழை விட்ட நான்கு நாளில் உள்ளே தொட்டுப் பார்த்தால் காய்ந்திருந்தது. கீறல் விழுந்த இடத்தில் ரெசின் என்ற பசையால் ஒட்டி, பெயிண்ட் அடித்து, டிசம்பரிலேயே இறக்கிவிட்டோம். மேல்தோல் காய்ந்திருந்தது மச்சான், வயிறு நனைந்தே இருந்தது.

அதைக் கண்டுபிடித்தது மருமகன்தான். 'மாமா, அமரம் கனக்குது' என்றான். நான் நம்பவில்லை. அப்புறம் ஞாபகம் வந்தது, புதிதாக வாங்கியபோது அப்பா சொல்லி அணியத்தில் ஒன்று, அமரத்தில் ஒன்று, தண்ணீர் மட்டத்தில் கோடு கீறி வைத்திருந்தேன். காலை ஏழு மணிக்கு, காற்று எழும்புமுன், வெறும் வள்ளத்தை மிதக்கவிட்டுப் பார்த்தோம். அமரத்தில் கோடு இரண்டு விரல் பருமன் தண்ணீருக்குள். இந்த அளவு வள்ளத்தில் முழு அடியும் ஒரு விரல் தாழ்ந்தால் எப்படியும் நூறு கிலோ. அணியம் தாழவில்லை, அமரம் மட்டும்தான் என்பதால் பாதி வைத்துக்கொள். அப்படியும் நூறு கிலோ தண்ணீரை நாங்கள் தினமும் பெட்ரோல் செலவு செய்து கடலுக்குள் சுமந்து போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தோம்.

ஜனவரியில் மறுபடி கரையேற்றினேன். இந்த முறை அவசரப்படவில்லை. மரச் சுத்தியால் அணியத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தோம். நல்ல இடத்தில் 'டக், டக்' என்று கணீரென்று வரும். அமரப் பலகைக்கு வந்ததும் 'பொத், பொத்'. மிசினைப் பிடித்திருந்த போல்ட்டுகளைக் கழற்றி, அந்தத் துளைக்குள் சைக்கிள் கம்பியில் பஞ்சு சுற்றி விட்டேன். பழுப்பு நிறமாய், புளித்த வாடையோடு வந்தது. உள்ளே வைத்திருந்த பிளைவுட் ஊறி நைந்து, விரலால் பிய்க்கிற மாதிரி. போல்ட் துளைக்குச் சரியாக அடைப்பு வைக்காததால் வருஷக்கணக்காகக் கசிந்திருக்கிறது. மழை மிச்சத்தை முடித்துவைத்தது, அவ்வளவுதான். பழியை முழுக்க மழைமேல் போடுவது நியாயமில்லை.

உட்காரும் பலகைக்குக் கீழே மூடிவைத்த பெட்டியை அறுத்துத் திறந்தால் இன்னொரு வேடிக்கை. மிதப்புக்காகத் தெர்மாகோல் போட்டிருந்தார்கள். பெட்ரோல் பட்டால் தெர்மாகோல் சர்க்கரை மாதிரி கரையும். எப்போதோ கசிந்த பெட்ரோலில் பாதி சுருங்கிக் கெட்டியாகிக் கிடந்தது, மீதியில் தண்ணீர். கவிழ்ந்தால் காப்பாற்றும் என்று இத்தனை நாள் நம்பியிருந்தது இதைத்தான்.

காயவைப்பது என்றால் வெயிலில் போடுவது இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. முதலில் உள்ளும் புறமும் நல்ல தண்ணீரால் கழுவினோம், ஏனென்றால் உப்பு இருக்கிறவரை காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மணலில் படுக்க வைக்காமல் பனந்தடி மேல் ஏற்றி, அணியத்தை ஓரடி உயர்த்தி, அடைப்பானைப் பிடுங்கிவிட்டோம். மேலே கீற்று, பக்கமெல்லாம் காற்றோட்டம். தார்ப்பாயை இறுக்கிப் போர்த்தினால் உள்ளேயே வேர்த்து ஒழுகும். வாடைக்காற்று அடிக்கிறவரை ஒன்றும் காயவில்லை, அதுவே ஈரக்காற்று. மாசி பாதிக்கு மேல்தான் விறுவிறுவென்று குறைந்தது.

காய்ந்ததா என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள் ஒரு சதுர அடி வெட்டி, வள்ளத்தின் மேல் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டிவிடு. ஒரு பகல் வெயிலில் இருக்கட்டும். உள்பக்கம் முத்து முத்தாய்த் தண்ணீர் பூத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. வாராவாரம் ஒட்டினேன். ஆறாவது வாரம்தான் பூக்கவில்லை. அதன்பிறகே ஃபைபர் ஒட்டும் தம்பியைக் கூப்பிட்டேன். ஈரத்தின் மேல் ரெசின் பிடிக்காது, வெள்ளை பூத்து உரிந்துவிடும். என் டிசம்பர் ஒட்டு அப்படித்தான் அப்பளமாய்க் கழன்று வந்தது. (அந்தத் தம்பி ரெசினை இறுகவைக்கக் கலக்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒரே அலமாரியில் வைத்திருந்தான். இரண்டும் நேரடியாகக் கலந்தால் வெடித்துத் தீப்பிடிக்கும் என்று நான் சத்தம்போட்ட பிறகு பிரித்து வைத்தான்.) தெர்மாகோலுக்குப் பதிலாக மூடி இறுக்கிய பிளாஸ்டிக் கேன்களை அடுக்கி, பெட்டிக்குத் திறந்து பார்க்கிற மாதிரி மூடியும் வைத்தாயிற்று.

இனி உன் விஷயம். உன்னுடையது ஆஞ்சிலி மரம். என் வள்ளத்துக்குச் செய்ததை எல்லாம் அதற்குச் செய்யாதே. ஃபைபர் போதாமல் காய்ந்தால் ஆபத்து, மரமோ அதிகமாகக் காய்ந்தால் ஆபத்து. உச்சி வெயிலில் போட்டால் பலகை சுருங்கி மூட்டெல்லாம் வாய் பிளக்கும். நிழலில், தரையைத் தொடாமல், கீற்றுக்குக் கீழே பத்துப் பதினைந்து நாள் மெதுவாகக் காயட்டும். அதற்குள் பேனாக்கத்தி எடுத்து மூட்டு, பலகை முனை, ஆணி அடித்த இடம், அடிமரமான ஏரா என்று எல்லாவற்றையும் குத்திப் பார். கத்தி சுலபமாக இறங்கினால் அந்த இடம் உளுத்துவிட்டது. ஆணியைச் சுற்றிக் கறுப்பு வளையம் இருந்தால் ஆணி துருப்பிடித்திருக்கிறது.

இன்னொன்று, உள்ளே நின்றது மழைத்தண்ணீர். நல்ல தண்ணீர்தான் மரத்தை உளுக்க வைக்கும், உப்புத் தண்ணீர் மரத்துக்கு ஊறுகாய் போட்ட மாதிரி. இறைத்த பிறகு உள்பக்கத்தை அஷ்டமுடிக் காயலின் உப்புத் தண்ணீராலேயே கழுவிவிடு. மிசினுக்கு நேர் எதிர் வைத்தியம், குழப்பிக்கொள்ளாதே. அடிப்பக்கம் குண்டூசித் துளை மாதிரி தெரிந்தால் கப்பல்புழு வேலை. கரையில் கிடக்கிற நாளில் அது செத்துவிடும், ஆனால் துளையை அடைக்கத்தான் வேண்டும். பலகை இடுக்கில் அடைத்த கலப்பத்து பெயர்ந்த இடத்தில் பஞ்சு வைத்துப் புதிதாக அடி. கொல்லத்தில் இருந்துகொண்டு முந்திரிக்கொட்டை எண்ணெய்க்கு அலைய வேண்டியதில்லையே, பெயிண்டுக்குப் பதில் அதைப் பூசு. பூசும்போது கையில் உறை போட்டுக்கொள், தோலைப் பொசுக்கிவிடும். இறக்கின அன்றே ஏறிப் போகாதே. முழங்கால் தண்ணீரில் இரண்டு நாள் கட்டி வை. முதலில் ஒழுகும், பலகை ஊறினதும் தானாக நின்றுவிடும். மூன்றாம் நாளும் ஒழுகினால் எனக்குப் போன் பண்ணு.

ஊர்ச் செய்தி: 6-ஆம் தேதி புது ரயில் பாலத்தைத் திறந்துவிட்டார்கள். 2022 டிசம்பரில் ரயில் நின்றதிலிருந்து மண்டபம் போய் ஏறிக்கொண்டிருந்தோம், இனி அது இல்லை. நடுத்துண்டு அப்படியே நேராக மேலே போகிறது. 1914-இல் கட்டின பழசு இரண்டு கையையும் தூக்கிக் கும்பிடுகிற மாதிரி திறக்குமே, அந்த அழகு இதில் இல்லை. கிழவன் பேச்சு என்று மருமகன் சிரிக்கிறான். 15-ஆம் தேதியிலிருந்து மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகெல்லாம் கரையில். ஊர் முழுக்கப் பெயிண்ட் வாடையும் சுத்தியல் சத்தமும்தான். நம்மைப் போன்ற சின்ன வள்ளங்களுக்குத் தடையில்லை.

நம் வள்ளத்தைப் போன திங்கட்கிழமை இறக்கினோம். அணியம் கோட்டில் சரியாக நின்றது. அமரம் இன்னும் அரை விரல் தாழ்வாகத்தான் இருக்கிறது. புதுப் பலகையின் கனமா, எங்கேயாவது ஈரம் ஒளிந்திருக்கிறதா, தெரியவில்லை. மருமகன் போதும் என்கிறான். வைகாசியில் மறுபடி ஏற்றித் தட்டிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். நீயும் இறக்குமுன் உன் வள்ளத்தில் இரண்டு கோடு கீறிவிடு.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் ஈஸ்டர் வாழ்த்து சொல். பள்ளிக்கூடம் திறக்குமுன் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வா, பாலத்தில் ரயிலேறி.

உன் மச்சான்