அப்பாவுக்கு, யோகோஹாமாவிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வீர்கள். அம்மாவிடம் தனியாக விசாரித்துவிட்டேன்.

வந்த புதிதில் ஹார்பரைப் பார்க்கிற ஆசையில் யோகோஹாமா ஸ்டேஷனில் இறங்கி அரை மணி நேரம் அலைந்தேன். கடை கடையாக இருந்ததே தவிர கடலைக் காணோம். பழைய துறைமுக ஊர் கன்னாய் பக்கம் என்று பிறகுதான் தெரிந்தது. கன்னாய் என்றால் காவல் வாசலுக்கு உள்ளே என்று அர்த்தம்.

அந்தக் கதை வேடிக்கை. வெள்ளைக்காரர்களோடு போட்ட ஒப்பந்தத்தில் திறப்பதாகச் சொன்ன துறைமுகம் கனகாவா. அது தொகாய்தோ நெடுஞ்சாலை மேலேயே இருந்த ஊர். அங்கே அந்நியர் நடமாடினால் வம்பு என்று பயந்த ஷோகன் அரசு (அப்போது ஜப்பானை ஆண்ட படைத்தலைவரின் அரசு), சற்றுத் தள்ளி, சுமார் நூறு வீடுகள் இருந்த யோகோஹாமா என்ற மீனவர் குப்பத்தில் ஜெட்டி கட்டி, "இதுவும் கனகாவாதான்" என்று 1859-இல் திறந்துவிட்டது. தூதர்கள் முறுக்கிக்கொண்டார்கள். வியாபாரிகளோ தண்ணீர் ஆழமாக இருக்கிறதே என்று இங்கேயே கடை போட்டார்கள். அப்புறம் எல்லாம் பட்டு நூல்தான். அதை வாங்க நம் நாட்டு வியாபாரிகளும் வந்தார்கள். 1872-இல் ஜப்பானின் முதல் ரயில் தோக்கியோவுக்கும் இதற்கும்தான் ஓடியது.

1923 செப்டம்பர் 1, மதியச் சமையலுக்கு அடுப்பு மூட்டிய நேரம். பூகம்பத்தில் விழுந்தது போக மிச்சத்தைத் தீ தின்றது. இடிபாடுகளைக் கரையோரம் கொட்டி மேடாக்கினார்கள். அதுதான் 1930-இல் திறந்த யமஷிதா பூங்கா. ஞாயிற்றுக்கிழமை நான் புளிச்சோற்றைப் பிரிக்கிற பெஞ்சுக்குக் கீழே யார் வீட்டுச் சுவரோ! பக்கத்திலேயே கும்மட்டம் வைத்த ஒரு சின்ன நீர்மண்டபம். பூகம்பத்தில் வீடிழந்த இந்தியர்களுக்கு ஊர்க்காரர்கள் கை கொடுத்ததற்கு நன்றியாகவும், செத்துப்போனவர்கள் நினைவாகவும் நம் வியாபாரிகள் கட்டிக் கொடுத்தது. உள்ளே நின்று அண்ணாந்தால் கூரை முழுக்க வண்ணச் சில்லுகள். முதல் தடவை பார்த்தபோது சோறு ஆறிப்போனது.

உங்களுக்கென்று ஒன்று வைத்திருக்கிறேன். பழைய கப்பல் கட்டும் தளத்தில் இப்போது 296 மீட்டர் கோபுரம் நிற்கிறது. அதன் காலடியில், 1890-களில் கட்டிய டிரை டாக் (கப்பலை உள்ளே விட்டுத் தண்ணீரை வடித்துப் பழுது பார்க்கிற குழி) ஒன்றை அழியவிடாமல் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். கப்பல் நின்ற குழியில் இப்போது ஆட்கள் உட்கார்ந்து காபி குடிக்கிறார்கள். கல்லெல்லாம் படிப்படியாக இறங்குகிறது. ஒவ்வொன்றையும் தடவிப் பார்க்காமல் நீங்கள் நகரமாட்டீர்கள். முழங்காலை டாக்டரிடம் காட்டிவிடுங்கள் அப்பா, டிக்கெட் பார்க்கிறேன்.

அன்பு மகள்,
செல்வி