ஐப்பசி வரைக்கும் பொறு மகள்

வட்டக்கச்சி,
கிளிநொச்சி.

அன்பு மகளுக்கு,

இதைத் தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் நீ "சரி அப்பா, சரி அப்பா" என்று கதையை முடித்துவிடுவாய். அதனால்தான் அம்மா அனுப்பும் பார்சலுக்குள் இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

போன கிழமை நீ ஜூடோப் பயிற்சியில் நிஜப் போட்டி மாதிரியே ராண்டோரி பிடித்ததும், அன்றிரவே முழங்கால் வீங்கி மடிக்க ஏலாமல் கிடந்ததும் எனக்குத் தெரியும். தங்கச்சி சொன்னாள். அவளை ஏசாதே, பயந்துபோய்த்தான் சொன்னாள். பயிற்சிக்குப் போகமுதல் நோக்குளிசை போட்டுக்கொண்டு போனாயாம். அதைக் கேட்டதில் இருந்து எனக்கு நித்திரை இல்லை. நோ என்பது உடம்பு போடும் சத்தம். அதன் வாயைப் பொத்திவிட்டு, ஒருத்தியை இழுத்து எறியப் போயிருக்கிறாய்.

அறுந்த முழங்கால் நாருக்கு ஜனவரி 20 ஆம் திகதி ஒப்பரேஷன். இப்போதுதான் நாலு மாதம். நோ இல்லை, ஓடக்கூட முடிகிறது என்கிறாய். எனக்குப் பயமே அதில்தான். உன் தொடையின் பின்பக்கத்தில் இருந்து நாரை எடுத்து முழங்காலுக்குள் வைத்தார்கள். அது வைத்த அன்றைக்கே முழங்கால் நாராகிவிடாது. முதலில் இரத்த ஓட்டமே இல்லாத வெறும் கயிறுதான். இரத்தக் குழாய்கள் அதற்குள் மெல்ல மெல்ல வளர்ந்து போகவேண்டும். அந்த முதல் மாதங்களில் அது வைத்தபோது இருந்த பெலனையும் இழக்கிறது என்று உன்னுடைய பிசியோ பிள்ளை எனக்கு விளங்கப்படுத்தினா. பிடுங்கி நட்ட நாற்றும் அப்படித்தானே. முதலில் மஞ்சளித்துச் சோர்ந்து, பிறகுதான் வேர் பிடிக்கும். அந்த நேரம் வயலுக்குள் மாடு இறங்கினால் என்ன ஆகும்?

ஒன்பது மாதத்துக்கு முன்னம் களத்துக்குத் திரும்புகிறவர்களுக்கு நார் மறுபடியும் அறுவது கூடவாம். இளம் ஆட்களுக்கு இன்னும் கூட. சில பேருக்கு மற்ற முழங்காலும் போகிறதாம். நீ சொல்லும் போட்டி ஓகஸ்டில், அப்போது ஏழு மாதம்தான். ஒன்பது முடிய ஐப்பசி பிறந்துவிடும். அப்பவும் நாட்காட்டியை மட்டும் பார்த்துப் போக ஏலாது. நொந்த காலின் பெலன் மற்றக் காலின் பெலனில் நூற்றுக்குத் தொண்ணூறாவது வரவேண்டும், ஒற்றைக் காலில் பாய்ந்து தள்ளாடாமல் நிற்கவேண்டும்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 2009 இல் என் கால் போனதும், 2010 இல் யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் பொய்க்கால் போட்டதும் உனக்குத் தெரியும். காலைத் தந்தவர்கள் தெளிவாகச் சொல்லித்தான் விட்டார்கள். முதல் நாள் ஒரு மணித்தியாலம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு, கழற்றியதும் தோலைப் பார், சிவப்பு மாறாவிட்டால் அடுத்த நாள் போடாதே என்று. ஆனால் அந்த வருஷம்தான் மீள்குடியேறி முதல் காலபோகம். எல்லாரும் வயலில் நிற்க நான் மட்டும் திண்ணையில் இருப்பதா என்று விடியப் போட்டதைப் பொழுதுபடும்வரை கழற்றவில்லை. நாலாம் நாள் வரம்பில் நடக்கும்போது உள்ளே ஏதோ வழுக்குகிற மாதிரி இருந்தது. வியர்வை என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து கழற்றினால் துணியுறை தோலோடு ஒட்டிக் கிடந்தது. அம்மா சுடுதண்ணீர் விட்டு விட்டு உரித்தா. உள்ளே ஒரு ரூபாய்க் குற்றி அளவில் தோல் இல்லை.

அது மாற இரண்டு மாதம். நாலு நாள் அவசரத்துக்கு இரண்டு மாதம் ஊன்றுகோலில் நின்றேன். அருவி வெட்டுக்கும் மாமாதான் இறங்கினார். அந்த நாட்களில் நான் ஒருவரோடும் கதைக்கவில்லை. நீ சின்னப்பிள்ளை, மடியில் வந்து ஏறுவாய், உன்னையும் இறக்கிவிட்டேன். இப்போது நீ ஜூடோப் பாய், அந்தத் தாத்தாமிப் பக்கம் போனாலே அழுகை வருகிறது என்று தங்கச்சியிடம் சொன்னாயாமே. அது எனக்கு நன்றாக விளங்கும். தனியே அறைக்குள் கிடக்காதே. பயிற்சிக்குப் போ, கரையில் இருந்து மற்றவர்களின் பிடியைப் பார், சின்னப் பிள்ளைகளுக்கு விழச் சொல்லிக்கொடு. கோச்சிடம் வீக்கத்தை மறைக்காதே. உன்னை ஒதுக்கிவிடுவார் என்ற பயம் உனக்கு. கால் எப்படி என்று தெரியாமல் அவர் உன்னை யாரோடு பிடிக்க விடுவார்?

திரும்பும்போதும் படிப்படியாகத்தான். முதலில் எறியாமல் திருப்பத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பழகும் உச்சிகோமி தனிய, பிறகு நம்பிக்கையான ஒருத்தியோடு, பிறகு எறிதல், ராண்டோரி கடைசியில். பாதம் பாயில் ஊன்றியபடி நிற்க உடம்பு மட்டும் திரும்பியபோதுதானே அன்றைக்கு "டொக்" என்றது. அந்தத் திருப்பத்தைக் கால் பழைய மாதிரித் தாங்க வேண்டும்.

57 கிலோ எடைப்பிரிவுக்குள் நிற்கவேண்டும் என்று பட்டினி கிடக்காதே. காயம் மாறும் உடம்புக்குச் சாப்பாடு வேண்டும். பார்சலில் உழுத்தம்மாவும் கருவாடும் இருக்கிறது, முட்டையை அங்கே வாங்கு. பெரியம்மா ஒரு போத்தல் எண்ணெயும் தந்து நன்றாக உருவிவிடச் சொன்னா. அவவின் அன்புக்காக வைத்திருக்கிறேன், ஆனால் பிசியோவைக் கேட்காமல் முழங்காலை ஒருவரும் உருவக்கூடாது.

2022 இல் முல்லைத்தீவுப் பிள்ளை ஒன்று பாகிஸ்தானில் தங்கம் எடுத்த செய்தியை நீதான் எனக்கு வாசித்துக் காட்டினாய். அந்த இரவே நீயும் ஒருநாள் போவாய் என்று அம்மாவிடம் சொன்னேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன். ஓகஸ்ட் போட்டிக்குப் பெயர் கொடுக்கவில்லை என்று ஒரு வரி அனுப்பு.

வட்டாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வருவாய்தானே. கிணற்றடிப் படியில் எனக்கென்று போட்ட இரும்புக் கம்பி ஒரு பக்கம்தான் இருந்தது. நேற்று மற்றப் பக்கத்துக்கும் போட்டுவிட்டேன். சீமெந்து இன்னும் காயவில்லை, நீ வர முதல் இறுகிவிடும்.

அன்புடன்,
அப்பா