கண்ணீர் மேல் வைத்த பொத்தான்

மதிப்பிற்குரிய இசைச் செயலி நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். அர்ஜென்டினாவின் ராக் குழுவான அல்மெந்திராவின் முதல் ஆல்பம் பற்றி உங்களுக்கு நான் எழுதுவது இது நான்காவது முறை. முதல் மூன்றுக்கும் “உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்” என்ற ஒரே பதில்தான் வந்தது. முக்கியமாகத்தான் இருக்கும், அதனால்தான் யார் கண்ணிலும் படாமல் பூட்டி வைத்திருக்கிறீர்கள் போல. சரி, இந்த முறை எல்லோரும் படிக்கட்டும் என்று திறந்தே எழுதுகிறேன்.

போன மாதம் செயலியைப் புதுப்பித்தீர்கள். அன்றிலிருந்து ஆல்பம் அட்டைகள் எல்லாம் வட்டமாகிவிட்டன. இந்த ஆல்பத்தின் அட்டையில் இளஞ்சிவப்புச் சட்டை போட்ட ஓர் ஆள் இருக்கிறான். குழந்தைகள் சுவரில் எய்து விளையாடும், நுனியில் ரப்பர் வைத்த அம்பு ஒன்று அவன் தலையில் ஒட்டியிருக்கிறது. முகத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர். உங்கள் வட்டத்துக்குள் அம்பு பாதிதான் தெரிகிறது. கண்ணீரைக் காணோம், அதன் மேல்தான் ப்ளே பொத்தான் உட்கார்ந்திருக்கிறது. பெரிதாக்கிப் பார்க்கலாமென்று விரலை வைத்தால் பாட்டு ஓட ஆரம்பித்துவிடுகிறது.

ஒரு படத்துக்கு இவ்வளவு ரகளையா என்று கேட்பீர்கள். அந்தப் படத்தின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. 1969-இல் புவேனஸ் அய்ரஸில், பத்தொன்பது வயது லூயிஸ் அல்பெர்தோ ஸ்பினெத்தா தன் குழுவின் முதல் ஆல்பத்துக்குத் தானே வரைந்தது அது. இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பிடிக்கவில்லை, படம் குப்பைக்குப் போனது. அவர் அதைக் குப்பையிலிருந்து தேடி எடுத்து, திரும்ப வரைந்து, இதுதான் அட்டை என்று பிடிவாதமாக நின்றார். அன்று அவர்கள் முழுசாகத் தூக்கிப் போட்டார்கள். நீங்கள் ஓரத்தை மட்டும் நறுக்கியிருக்கிறீர்கள். முன்னேற்றம்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. தட்டோடு வந்த தாளில் பாட்டுகளுக்கு அடையாளம் போட்டிருந்தார்கள்: கண், கண்ணீர், அம்பு. எந்தப் பாட்டு அந்த மனிதனின் எதைச் சேர்ந்தது என்பதற்கான குறி. ஒன்பது பாட்டையும் அட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்கச் செய்த ஏற்பாடு அது. அம்பையும் கண்ணீரையும் எடுத்துவிட்டால் கேட்பவனுக்கு எதைப் பார்த்து எது புரியும்? அந்தத் தாளும் உங்களிடம் இல்லை. ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான்: அட்டையை முழுசாகக் காட்டுங்கள், பொத்தானைக் கீழே இறக்குங்கள்.

கடைசிப் பாட்டு “லௌரா வா”. நம் காதுக்கு யாரையோ கூப்பிடுவது போலக் கேட்கும். ஸ்பானிஷில் “போகிறாள்” என்று அர்த்தம். வீட்டை விட்டுக் கிளம்பும் பெண்ணின் பாட்டு. அதில் பந்தோனியோன் என்ற துருத்தி வாத்தியத்தை வாசித்தவர் ரொதொல்ஃபோ மெதெரோஸ். டாங்கோ நடன இசையின் வாத்தியம் ராக் ஆல்பத்துக்குள் வந்து நிற்கும் அந்த இடத்தில், உங்கள் கலைஞர் பட்டியலில் அவர் பெயரே இல்லை. இதே ஆல்பத்தின் “முச்சாச்சா” பாட்டையோ “நிம்மதியான உறக்கம்” தொகுப்பில் மழைச் சத்தத்துக்கும் மின்விசிறிச் சத்தத்துக்கும் நடுவில் செருகியிருக்கிறீர்கள். அல்மெந்திரா என்றால் பாதாம். நேற்று தேடியபோது பாதாம் அல்வா செய்முறை ஒன்றைப் பரிந்துரைத்தீர்கள். கேட்டேன், நன்றாகவே சொன்னார் அந்த அம்மா. ஆனால் நான் தேடியது அது இல்லையே ஐயா.

கோபத்தில் கொஞ்சம் அதிகம் பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மெதெரோஸ் பெயரை அப்புறம் சேருங்கள், அந்தத் தாளையும் மெதுவாகத் தேடி எடுங்கள். அட்டையை மட்டும் இப்போதே பழையபடி சதுரமாக்கி, அந்த ஆளின் முகத்திலிருந்து பொத்தானை எடுத்துவிடும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சந்தாவை ஒரு மாதமும் தவறவிடாத வாடிக்கையாளர்